பெயர் எழுதாத முட்டைகள்

ஷார்ஜாவில் நான் முதன்முதலில் தங்கிய வீட்டின் ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குக்கூடப் பெயர் இருந்தது. மூன்று அறைகளில் எட்டுப் பெண்கள். எட்டுப் பேருக்கும் அந்த ஒரு ஃபிரிட்ஜ்தான். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை டேப் ஒட்டி அவரவர் பெயரை எழுதியிருந்தார்கள். அது போதாதென்று பால் டப்பாவில் எதுவரை பால் இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுவார்கள். முட்டை ஓட்டின் மேல் பெயரின் முதல் எழுத்து இருக்கும். வந்த மூன்றாம் நாள் எனக்கும் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தபோதுதான் அடித்தட்டைக் கவனித்தேன். அதில் ஒரே டேப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. உள்ளே இருந்த ஆறு முட்டைகளில் எந்த எழுத்தும் இல்லை.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் என்னைக் 'கேள்வி மூட்டை' என்பார்கள். எதையாவது பாதியில் பார்த்துவிட்டால் மீதியைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஷார்ஜாவின் ரோலா கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் எனக்கு வேலை. விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்கும் கடை அது. நாள் முழுக்க அடுத்தவர்களின் பிறந்த ஊரையும் தாயார் பெயரையும் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் தொழில் என்பதால், என் குணத்துக்கும் பிழைப்புக்கும் நல்ல பொருத்தம் என்று நானே நினைத்துக்கொள்வேன். இருபத்து நான்கு வயது அப்போது. அந்த ஆறு முட்டைகளை ஒரு வாரம் வேவு பார்த்தேன். இரண்டு பேரில் யார் எடுத்தாலும் மற்றவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு பேரில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் ஆபீஸில், ஆட்களின் லீவையும் டூட்டியையும் பார்த்துக்கொள்ளும் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். இன்னொருவர் டீச்சர். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். ஷார்ஜாவில் ஒரு மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியை. எங்கள் வீட்டில் ஆகச் சிறிய அறை அவர்களுடையது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, நடுவில் நடக்க ஒரு முழம் இடம். இடத்துக்காகக் கட்டிலைப் பகிர்ந்துகொள்வது அந்த ஊரில் புதுமையே இல்லை என்பதால் யாரும் எதுவும் நினைக்கவில்லை.

இருவரும் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் ஒருவர் பேச்சை ஒருவர் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அக்கா "வா, கொஞ்ச நேரம் கதைப்பம்" என்றால், டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "எங்க தோட்டத்துல கதை விடுறதுன்னா பொய் சொல்றது. இவங்க ஊர்ல அது பொழுதன்னைக்கும் நடக்குது" என்பார். சாயங்காலம் ஜெபல் அலி பஸ் வரும் நேரத்துக்கு டீச்சர் ரோட்டோரத்தில் போய் நிற்பார். அக்கா இறங்கியதும் அவருடைய பையை வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் நடந்து வருவார்கள். எதிர்க் கடையில் பால் வாங்க நின்றபடி அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அப்பாவும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ஆறு மாதம் பொறுத்துக்கொண்டேன். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மற்றவர்கள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். அக்கா சமையலறையில் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். டீச்சர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கல்லா?"

"நீ ஆறு மாசமாக் கேக்காமல் இருந்ததுதான் எனக்கு அதிசயம். கேள்."

"நீங்களும் டீச்சரும் ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தானா?"

டீச்சரின் கை நின்றது. அக்கா துருவுவதை நிறுத்தவில்லை. "இல்லை" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாச் சீவிக்கிறம். கலியாணம் கட்டின ஆக்கள் சீவிக்கிற மாதிரி. விளங்குதோ?"

விளங்கியது என்றேன். உண்மையில் பாதிதான் விளங்கியது. அதனால் மீதியைக் கேட்டேன், அதுவும் மடத்தனமாக. உங்களில் யார் கணவன், யார் மனைவி என்று கேட்டேன். டீச்சர் வெங்காயக் கண்ணீரோடு சிரித்தார். "குப்பை கொண்டுபோய்ப் போடுறது அவங்க. கரப்பான் பூச்சி அடிக்கிறது நான். நீயே சொல்லு, யாரு யாருன்னு." பிறகு, இது உங்களுக்கு எப்போது தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா என்னை நேராகப் பார்த்தார். "உனக்கு ஆம்பிளையளைத்தான் பிடிக்கும் எண்டு உனக்கு எப்ப தெரிஞ்சது? யாரிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டனி?" அன்று சாயங்காலம் வரை அந்தக் கேள்வி எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் கேட்பவளுக்கு அதை மட்டும் கேட்டுக்கொள்ள ஒருநாளும் தோன்றியதில்லை.

அக்காவின் நாட்டில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "வெள்ளைக்காரன் எழுதி வைச்சிட்டுப் போன சட்டம் முந்தி ஆம்பிளையளை மட்டும்தான் சொன்னது. பிறகு திருத்தினவை. எடுத்துப் போடுவினம் எண்டு பாத்தால், பொம்பிளையளையும் சேத்துப் போட்டினம்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்ப்பூவைச் சட்டியில் தட்டினார். "எங்கட நாட்டில எங்களுக்குச் சமத்துவம் கேக்காமலே கிடைச்ச இடம் அது ஒண்டுதான்." கொழும்பில் இதற்காகக் கொடி பிடித்து ஊர்வலம் போகிறார்கள் என்றும், அதைத் தான் போனில் பார்த்ததாகவும் டீச்சர் சொன்னார். "எங்க தோட்டத்துல அப்புடி ஒன்னு நடந்தா, லயத்துல இருக்கிற அத்தனை பேரும் வேலைக்குப் போகாம வேடிக்கை பாக்க வந்துருவாங்க" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அது சிரிப்பாக முடியவில்லை.

எனக்கு அப்போது விந்தையாகப் பட்டது வேறொன்று. இந்த வளைகுடா நாட்டில் சட்டம் அவர்களுடைய தீவைவிடக் கடுமையானது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே, கல்யாணமாகாத இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் தெருவே கேள்வி கேட்கும். இங்கே பெண்கள் மட்டும் தங்கும் வீடு, வெளியாள் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு, ஆளுக்கு நாலடி இடம் என்ற நெருக்கடி, எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு ஒரு கதவைச் சாத்திக் கொடுத்திருந்தன. அந்தக் கதவு எவ்வளவு மெல்லியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அதே மாதம் அக்கா என் கடைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணனை அழைப்பதற்கு விசிட் விசா போடச் சொன்னார். அண்ணனுக்கு இங்கே ஏதாவது வேலை அமையுமா என்று பார்க்க ஆசை. பாஸ்போர்ட் நகலில் ஏதோ தெளிவில்லாமல் இருந்ததால் நானே அந்த அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். அவர் என் எண்ணைச் சேமித்துக்கொண்டார். நானும் அவருடையதைச் சேமித்தேன். வேலையில் நாளைக்கு இருபது எண்கள் அப்படிச் சேரும்.

டீச்சரின் பிறந்தநாளுக்கு நாங்கள் மூவரும் அஜ்மான் கடற்கரைக்குப் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. காற்றில் டீச்சரின் முடி பறந்து முகத்தில் விழ, அக்கா பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு பின்னி விட்டார். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். அதைப் படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, 'எங்கள் வீட்டு ஜோடிப் புறாக்கள்' என்று எழுதி போனில் ஸ்டேட்டஸாக வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்தேன். ஏழாவது பெயர் அக்காவின் அண்ணன்.

உடனே அழித்தேன். அழித்துவிட்டேன் என்பதாலேயே ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் சொல்லவில்லை. படம் போட்டதைவிட இந்தப் பத்தொன்பது நாளைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் படம் போட்டது அறியாமை. மீதி எல்லாம் தெரிந்தே செய்தது.

இருபதாம் நாள் காலை அண்ணன் கடை வாசலில் நின்றார். முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார். தொழிற்பேட்டையில் ஊர்க்கார நண்பர் ஒருவரின் ரூமில் தங்கியிருந்தார். நான் நினைத்திருந்ததுபோல முரட்டு ஆள் இல்லை. ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டி, கோயிலுக்குப் போகிறவர் போல இருந்தார். மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் போட்ட படத்தில என்ன எழுதியிருந்தனீங்கள்? அதுக்கு என்ன அர்த்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்கு எழுதினேன் என்று சிரித்திருக்கலாம். பத்தொன்பது நாளும் அந்தச் சிரிப்பைத்தான் பழகி வைத்திருந்தேன். ஆனால் வாய் திறந்தபோது வேறு வந்தது. "அதை நீங்க அக்காகிட்டதான் கேக்கணும் அண்ணே." சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, அதுவே பதில் ஆகிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா கனடா மாப்பிள்ளை பாத்து வைச்சிருக்கிறா" என்று மேசையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பஸ் வரும் இடத்துக்கு நானும் போனேன். ரோட்டோரத்தில் நின்றே இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "எத்தினை நாளாத் தெரியும் உனக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் தன் பையை டீச்சரிடம் கொடுக்காமல் தானே சுமந்துகொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் நாலு மணிக்கு எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் அண்ணனும் தங்கையும் சந்தித்தார்கள். என்னையும் வரச் சொன்னார் அக்கா. "நீ தொடங்கி வைச்சனி. இருந்து பார்" என்றார். அண்ணன் முதலில் அம்மாவின் உடம்பைப் பற்றிப் பேசினார். பிறகு கனடா மாப்பிள்ளையைப் பற்றி. அக்கா குறுக்கிடாமல் கேட்டு முடித்துவிட்டு, "அண்ணா, நான் அவளோடதான் இருப்பன். இஞ்ச எண்டாலும், வேற எங்க எண்டாலும்" என்றார்.

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியோ? அதுவும் ஒரு தோட்டத்து ஆளோட!"

அந்த நிலையிலும் எனக்குள் கேள்வி ஒன்று எழுந்தது. அவருக்கு எது பெரிய அவமானம்? தங்கை ஒரு பெண்ணோடு வாழ்வதா, அந்தப் பெண் மலையகத்துக்காரி என்பதா? அவருக்கே அது தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது டீச்சர் வந்தார். அறையிலேயே இருக்கும்படி அக்கா சொல்லியிருந்தார், வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை. "வணக்கம் அண்ணே" என்று சொல்லி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் சட்டென்று எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "இஞ்ச ஒருத்தரிட்ட நான் ஒரு சொல் சொன்னால் போதும். தெரியும்தானே?"

பக்கத்து மேசையில் இருந்த பாகிஸ்தானி பட்டான்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. எங்கள் நால்வருக்கும் புரிந்தது. வேலை, விசா, போலீஸ் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்கோ அண்ணா. ஆனால் எங்களைக் கொண்டுபோகேக்க நீங்களும் பக்கத்தில வந்து நிக்க வேணும். பாத்திட்டுப் போய் அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ."

அண்ணன் நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். பிறகு, "எனக்கு இனித் தங்கச்சி இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். யாரிடமும் அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. வேலையும் தேடாமல் அந்த வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம், தங்கையை உதறியதையும் காட்டிக்கொடுக்காமல் போனதையும் சேர்த்தேதான் நினைக்கிறேன்.

மாத முடிவில் அக்காவும் டீச்சரும் வீடு மாறினார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு அக்கா மேலே வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "நீ எங்களை நல்ல கண்ணாலதான் பாத்தாய்" என்றார். "உன்னைப் போலத்தான் மற்ற ஆக்களும் பாப்பினம் எண்டு நினைச்சிட்டாய்." அவ்வளவுதான். புது முகவரி தரவில்லை; நானும், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவரும் ஷார்ஜாவுக்கே வந்தார். அவரோடு நடந்து போகும்போது, சில சமயம் வேண்டுமென்றே ஒன்றும் பேசாமல் நடப்பேன். ஏன் என்று அவர் கேட்பார். சும்மா என்பேன். ஒருநாள் கடையில் தலைகுனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, "விசிட் விசா ஒண்டு போட வேணும்" என்று குரல் கேட்டது. அக்கா. இளைத்திருந்தார். அழைக்கப்போவது அம்மாவை.

அக்காவுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்ததாம். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பேச முடியாத நிலையில் அவர் கிடந்தபோது டீச்சர் யாழ்ப்பாணத்துக்குப் போன் செய்திருக்கிறார். முதல் நாள் அம்மா, யார் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாராம். டீச்சர் மறுநாளும் செய்திருக்கிறார். கஞ்சி எத்தனை கரண்டி இறங்கியது, காய்ச்சல் எவ்வளவு, தூங்கினாரா என்று எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார். நாலாம் நாள் அம்மாவே போன் செய்துவிட்டார். குணமான பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. இப்போது, வந்து பார்க்கிறேன் என்கிறாராம்.

"அப்ப அம்மா சரின்னுட்டாங்களா அக்கா?" என்று கேட்டேன். என்னை அடக்க முடியவில்லை.

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "சரி எண்டு அம்மா ஒரு நாளும் சொல்லேல்லை. பிழை எண்டு சொல்றதை விட்டிட்டா."

அம்மா வந்தார். முதல் வாரம் டீச்சர் சமைத்ததைத் தொடாமல், பாண் என்று அவர்கள் சொல்லும் பிரெட்டும் வாழைப்பழமும் தின்றே இருந்தாராம். எட்டாம் நாள் டீச்சர் குழம்பில் புளி அதிகம் என்று குறை சொன்னாராம். குறை சொல்ல வேண்டுமென்றால் ருசி பார்த்திருக்க வேண்டுமே என்று டீச்சர் எனக்குப் போனில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அண்ணன் மட்டும் இன்றுவரை பேசவில்லை. ஊரில் இருந்தபோது அம்மா போனை அவரிடம் நீட்டினால் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

அவர்களுடைய தீவில் அந்தப் பழைய சட்டத்தை எடுக்க ஒரு மசோதா வந்தது. அதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று நீதிமன்றமும் சொன்னது. அந்தச் செய்தியை நான் அக்காவுக்கு அனுப்பி, "சந்தோஷமா?" என்று கேட்டேன். "எடுக்கட்டும், பிறகு சந்தோஷப்படுறன்" என்று பதில் வந்தது. நான் இதை எழுதும் இன்றுவரை எடுக்கவில்லை. இங்கேயும் எதுவும் மாறவில்லை. ஆகவே அவர்கள் இப்போது இருக்கும் ஊரையோ, வேலையையோ நான் இங்கே எழுதவில்லை. எழுதியிருப்பவற்றிலும் அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். டீச்சர் உடனே சரி என்றார். அக்கா நாலு நாள் எடுத்துக்கொண்டார். அந்த நாலு நாளும் நான் நினைவூட்டவில்லை.

அம்மாவின் விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தது. போன மாதம் அக்கா அவரை எங்கள் கடையில் உட்கார வைத்துவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். வெள்ளைப் பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, மடியில் இறுக்கிப் பிடித்த கைப்பை. என்னை யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தை எடுத்தவள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கினேன். எண், பிறந்த தேதி, நாடு எல்லாவற்றையும் அடித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் படிவத்தில் கேள்வி எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"இங்க யார் கூடம்மா தங்கியிருக்கீங்க?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். அக்காவும், வேலை முடிந்து நேரே அங்கே வந்துவிட்ட டீச்சரும், வெயிலில் ரோட்டைக் கடக்கக் காத்திருந்தார்கள். பையை யார் தூக்குவது என்று ஏதோ இழுபறி.

"என்ர பிள்ளையளோட" என்றார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"இஞ்ச ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு, ஒழுங்காக எழுதுகிறேனா என்று பார்க்க அவர் என் கம்ப்யூட்டர் திரைப் பக்கம் எட்டிக் குனிந்தார்.